பங்கு பிரிக்கக் கூடாத சொத்து

ஓவியர் ஒருவர் இறந்த வீட்டில் கருமாதி முடிந்து, பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரமெல்லாம் திரும்பிப் போன பிறகு யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுகிறார்கள்: "அவரு ஞாபகமா ஆளுக்கொரு படம் எடுத்துக்கலாமுங்க." பாசத்தில்தான் சொல்கிறார்கள். கேட்கிறவர்களுக்கும் அது நியாயமாகவே படும். ஆனால் என் பெரியப்பா இறந்த 2017-லிருந்து இந்த ஒரு வாக்கியம் எனக்குள் அடங்கவே மாட்டேன் என்கிறது. ஒரு கலைஞர் வாழ்நாளெல்லாம் செய்த வேலையைச் செல் அரிக்கும், மழை நனைக்கும் என்றெல்லாம் பயப்படுகிறோம். செல் அரிக்க நாளாகும், பங்கு பிரிக்க ஒரு மத்தியானம் போதும்.

பெரியப்பா தாராபுரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் டிராயிங் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதலில் சைக்கிளிலும் பின்னாளில் டிவிஎஸ் 50-யிலும் கிளம்பிவிடுவார். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலம், கண்ணபுரம் மாட்டுச் சந்தை, ஒரத்துப்பாளையத்தில் அணை வருவதற்கு முந்தைய நொய்யல், அமராவதியில் துணி துவைக்கிற இடம், இப்படி எல்லாமே வாட்டர் கலரில். கண்காட்சி எதுவும் வைத்ததில்லை, விற்றதும் இல்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போனால் மொய்ப் பணத்தோடு ஒரு படமும் கொடுப்பார், அவ்வளவுதான். மீதியெல்லாம் இரண்டு ட்ரங்குப் பெட்டியிலும் அட்டாலியிலும் கிடந்தன.

உயில் எழுதவில்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்து என்பதால் 1956-ஆம் வருசத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெரியம்மா, இரண்டு அண்ணன்கள், அக்கா என நால்வருக்கும் சம பங்கு. தோட்டத்துக்குப் புல எண் இருந்தது, வீட்டுக்குக் கதவு எண் இருந்தது. பத்திரம் எழுதுகிறவர் படங்களைப் பற்றிக் கேட்டதும், "இதுக்கு மதிப்பு எவ்வளவு போடறதுங்க?" என்றார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சரி, அதைப் பத்திரத்தில் சேர்க்க வேண்டாம், வீட்டிலேயே பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பெரியம்மா தனக்கு எதுவும் வேண்டாம் என்றதால் வீட்டுக் கூடமான ஆசாரத்தில் மூன்று குவியல். பெரிய அண்ணன் நேர்மைக்குப் பேர் போனவர், ஒரு ரூபாய் கூடக் குறையக் கூடாது என்பவர். பெரிய படம் வந்தால் மூன்று பேருக்கும் பெரிய படம், சிறியது வந்தால் மூன்று பேருக்கும் சிறியது. யாருமே சண்டை போடவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சித்திரைக் கிணறு

பெரியம்மா அதுவரை திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவர் சின்ன அண்ணன் குவியலின் மேலிருந்த ஒரு படத்தை எடுத்தார். தோட்டத்துக் கிணறு. அப்புறம் அக்கா குவியலில் தேடி இன்னொரு கிணற்றை எடுத்தார். "இது ரெண்டும் ஒண்ணா இருக்கோணும் கண்ணு, அடுத்தடுத்த சித்திரை" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. சிமெண்ட் தரையில் அந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூன்று குவியலையும் ஒரு படம் விடாமல் புரட்ட ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்துக் கிணறு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரக் கிணறு, உள்ளே சுவரோடு கல் படி. பெரியப்பா ஒவ்வொரு சித்திரையிலும் பள்ளி லீவு விட்டதும் அதே வேப்பமரத்தடியில் அதே கல்லின் மேல் உட்கார்ந்து அந்தக் கிணற்றை வரைந்திருக்கிறார். எங்களில் யாருக்கும் அது தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரியும், அங்கே காபி கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தானே. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே சொன்னார். "இது பெரியவன் கைக்குழந்தை. தண்ணி மேப்படி வரைக்கும் கெடந்துச்சு, சொம்புல மோந்துக்கலாம். இது மாடு கட்டி எறைக்கிற கவலைய எடுத்துப்போட்டு மோட்டார் வெச்ச வருசம். இது அக்காளுக்குக் காது குத்துன வருசம், பாரு, ஏழு படி வெளிய தெரியுது. இது சைடு போர் போட்டும் தண்ணி வராத வருசம். இது ஆயிரம் அடி போர் போட்டதுக்கப்பறம், இனி கெணத்துல என்ன இருக்கும் அம்மிணி, புறாவுந்தான்."

வரிசை ஆசாரச் சுவரிலிருந்து சமையல்கட்டு வாசல் வரை நீண்டது. படிக்குப் படி தண்ணீர் இறங்குகிறது. முதல் படங்களில் தண்ணீர் பச்சையாகப் பெரிதாக இருக்கிறது, கல் கொஞ்சம்தான். கடைசிப் படங்களில் காகிதம் முழுக்கப் பாறைதான், அடியில் ஒரு விரல் அகலத்துக்குச் சேற்று நிறம். பெரியப்பா எங்கேயும் ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை, வருசம்கூடப் போடவில்லை. ஆனால் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறார். ஒரு கிணற்றைத் திருப்பிப் பார்த்தால் ஏழாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு, 1978 என்று அச்சில் இருக்கிறது. அப்படியானால் படம் 1979 சித்திரைக்கு முந்தியதாக இருக்க முடியாது. பெரியம்மா சொன்ன கணக்கும் அதேதான். ஓரத்தில் தூரிகையைத் துடைத்துப் பார்த்த பச்சைக் கோடுகள், அதற்குக் கீழே கட்டை விரல் ரேகை.

இந்தப் படங்களில் ஒன்றைத் தனியாகச் சட்டம் போட்டு மாட்டினால் அது அழகான கிணற்றுப் படம். முன்னறையில் நன்றாகத்தான் இருக்கும். வரிசையாக இருந்தால் கொங்கு நாட்டு நிலத்தடி நீர் ஒரு தலைமுறையில் எப்படிப் போனது என்பதற்கு ஒருத்தர் கண்ணால் பார்த்து எழுதிய சாட்சி. ஒன்று இருபதாகும் கதை இல்லை இது, வேறொரு படைப்பே அங்கே பிறக்கிறது. பெரியம்மா அந்தத் திண்ணையிலேயே இன்னும் பத்து நிமிசம் உட்கார்ந்திருந்தால் அந்தப் படைப்பு திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கரூருக்கும் பஸ் ஏறிப் போயிருக்கும். எங்கள் மூன்று வீட்டிலும் அதை யாரும் உணர்ந்திருக்கவே மாட்டோம். அன்றைக்குப் பங்கீடு நின்றது. நிறுத்தியது பெரிய அண்ணன்தான். "பட்டியல் போடாம ஒரு காயிதம் இந்த ஊட்ட விட்டுப் போகக் கூடாது" என்றார்.

பிரிக்காமல் வைத்தவர்கள்

அதற்கப்புறம் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். வின்சென்ட் வான்கா 1890 ஜூலையில் இறந்தார், தம்பி தியோ அடுத்த ஜனவரியில். தியோவின் மனைவி ஜோவுக்கு அப்போது 28 வயது, கையில் ஒரு வயதுகூட நிறையாத பிள்ளை, வீடு நிறைய யாரும் கேட்காத ஓவியங்கள். மற்ற உடன்பிறப்புகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வான்கா வரலாற்றில் அதிகம் பேசப்படாத இந்த விட்டுக்கொடுத்தல்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப்படுகிறது. அதன் பிறகு ஜோ கண்காட்சிகளுக்குக் கடன் கொடுத்தார், கொஞ்சம் கொஞ்சமாக விற்றார், விற்றதைக் கணக்கு நோட்டில் எழுதி வைத்தார், 1914-ல் கடிதங்களைப் பதிப்பித்தார். சூரியகாந்திப் படம் ஒன்றை லண்டன் தேசியக் காட்சிக்கூடத்துக்குக் கொடுத்தது 1924-ல்தான், அவர் இறப்பதற்கு முந்தைய வருசம். ஆம்ஸ்டர்டாமில் அருங்காட்சியகம் திறந்தது 1973-ல். அவரும் விற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கே போனது என்று தெரிந்து விற்றார்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தமிழ்ப் புத்தகம், இதழ், நோட்டீஸ் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பு ஆளுக்கொரு அலமாரியாகப் போகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் முழுசாக வாங்கி, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. 1996-லிருந்து ஆய்வாளர்கள் அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களுக்குத் திருவனந்தபுரத்தில் தனிக் கூடமே இருக்கிறது. நம்ம ஊரில் பிறந்தவரைப் பார்க்க வாளையார் தாண்டிப் போக வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு, ஆனால் ஒரே இடத்தில் பார்க்க முடிகிறது.

இன்னொன்று எங்கள் கண்ணபுரத்திலேயே நடந்தது. 1960-களின் நடுவில் ஓலப்பாளையத்தில் வந்து தங்கிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்கிற அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டுக்காரர்கள் வாயாலேயே ஒலிநாடாவில் பதிவு செய்தார். ராத்திரி ராத்திரியாகப் பாடுகிற கதை அது. பாடினவர் பெயர், ஊர், பாடின வருசம் எல்லாம் சேர்ந்தே இருப்பதால்தான் இன்றைக்கும் அதை வைத்து வேலை செய்ய முடிகிறது. அதே காலத்தில் அந்த வட்டாரத்தில் பாடிய எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், அவர்கள் பாட்டு எங்கே என்று யாரைக் கேட்பது?

இறந்த கலைஞருக்குக் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் நினைவு விருது, நினைவு மலர், சிலை, அறக்கட்டளை என்றுதான் நம் ஆட்கள் யோசிக்கிறார்கள். நான் அதற்கெல்லாம் விரோதி கிடையாது. ஆனால் முதல் வருச நினைவு நாளுக்கு மண்டபம் பிடித்துச் சாப்பாடு போட்ட செலவில், எங்கள் படங்கள் முழுவதையும் தட்டையாக வைக்கப் பெட்டி செய்திருக்கலாம் என்று அந்த மண்டபத்தில் வைத்தே சொன்னேன். இரண்டு பேருக்குக் கோபம். பரவாயில்லை.

காடாத் துணி

பட்டியல் போடும் வேலையை அக்கா மகளும் நானும் எடுத்துக்கொண்டோம். ஆசாரத்து நிழல் வெளிச்சத்தில் ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்தோம், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு. பின் மூலையில் மெல்லிய பென்சிலால் ஓர் எண், அதே எண் நோட்டில். பேனா வேண்டவே வேண்டாம், மை மறுபக்கம் இறங்கிவிடும். நோட்டில் பெரியம்மா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதினோம், நாங்கள் ஊகித்ததைத் தனியாக எழுதினோம். இரண்டும் கலந்துவிட்டால் பத்து வருசம் கழித்து எது யார் சொன்னது என்று பிரிக்கவே முடியாது. அவர் பேசியதைப் போனிலும் பதிவு செய்து வைத்திருக்கிறோம்.

லேமினேஷன் செய்து வைத்தால் நூறு வருசம் இருக்கும் என்று ஒரு சொந்தக்காரர் இரண்டு படத்தை எடுத்துப்போய்ச் செய்தே கொண்டுவந்துவிட்டார். சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிவிடுகிறது, அதை இனி சேதமில்லாமல் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். செல்லோடேப்பும் அப்படித்தான், சில வருசத்தில் பழுப்புப் பட்டையாகக் காகிதத்துக்குள் இறங்குகிறது. வாட்டர் கலருக்கு வெயில் எமன், வெளுத்த நிறம் திரும்பி வராது. படங்களுக்கு இடையில் வைக்க அமிலமில்லாத காகிதம் கொஞ்சம்தான் கிடைத்தது. மீதிக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது சோமனூரில் தறி வைத்திருக்கிற மாமா ஒரு பீஸ் காடாத் துணி கொடுத்தார். வெளுக்காத, சாயம் போடாத பருத்தி. ஆனால் பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் இருக்கும், ராமபாணப் பூச்சிக்கு அந்தக் கஞ்சிதான் சோறு. அதனால் பெரிய அண்டாவில் போட்டு வேகவைத்து, கஞ்சி முழுக்கப் போகும் வரை அலசி, நிழலில் உலர்த்தி, படத்தளவுக்கு வெட்டிக்கொண்டோம். படங்களைச் சுருட்டவில்லை, மடிக்கவில்லை, தட்டையாக அடுக்கினோம். பெட்டி தரையைத் தொடாமல் மரக்கட்டை மேல் இருக்கிறது, குளியலறைச் சுவரிலிருந்து தள்ளி.

படம் ஒருத்தருடையது, உரிமை இன்னொருத்தருடையது

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பொங்கல் சமயத்தில் பனியன் ஒன்று கண்ணில் பட்டது. முன்னால் காங்கேயம் காளை. பெரியப்பாவின் காளை! சின்ன அண்ணன் பேஸ்புக்கில் போட்ட போட்டோவிலிருந்து எடுத்து, இடவலமாகத் திருப்பி, திமிலை மறைக்கிற மாதிரி ஒரு வாசகத்தையும் சேர்த்து அச்சடித்திருந்தார்கள். காங்கேயம் காளையைத் தெரிந்தவர் யாரும் அந்தத் திமிலை மறைக்க மாட்டார்கள். கம்பெனியில் கேட்டால், "நெட்ல கெடச்சுதுங்க" என்றார்கள்.

நெட்டில் கிடைப்பதெல்லாம் பொதுச் சொத்து ஆகாது. 1957-ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியருக்குள்ள உரிமை அவர் இறந்த பிறகும் 60 வருசம் வாரிசுகளிடம் இருக்கும், இறந்ததற்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். பெரியப்பாவின் படங்களுக்கு 2077 டிசம்பர் வரை. படத்தை விலைக்கு வாங்கினவருக்குக் காகிதமும் நிறமும்தான் சொந்தம், பனியனில் அடிக்கிற உரிமை அதோடு சேர்ந்து வராது. படைப்பைச் சிதைத்து அவர் பேருக்குப் பங்கம் வருகிற மாதிரி செய்தால் தட்டிக்கேட்கும் உரிமை 57-ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது, அதை வாரிசுகளும் கையில் எடுக்கலாம். சிற்பி அமர்நாத் சேகல் டில்லி விஞ்ஞான் பவனில் செய்த சுவர்ச்சிற்பத்தை அரசு 1979-ல் பெயர்த்து எடுத்து மூலையில் போட்டபோது, இந்தப் பிரிவை வைத்துத்தான் அவர் வழக்காடினார். 2005-ல் டில்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே கொடுக்கவும் 5 லட்சம் நட்டஈடு தரவும் சொன்னது. எங்கள் விசயம் அவ்வளவு தூரம் போகவில்லை. நால்வரும் கையெழுத்துப் போட்ட கடிதம் போனதும் அச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கடிதத்துக்கு நான்கு கையெழுத்து வாங்குவதற்குள்ளேயே ஒன்று புரிந்தது. ஆளுக்கொரு ஊரில் இருந்தால் அடுத்த தலைமுறையில் நான்கு பேர் பன்னிரண்டு பேர் ஆவார்கள், அப்போது ஒரு பத்திரிகை படத்தைப் போட அனுமதி கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதனால் படங்கள் எல்லாம் அக்கா பொறுப்பில் கரூரில், உரிமையும் அவர் பேரில், வருகிற பணம் இருந்தால் எல்லோருக்கும் சமம் என்று எழுதிக்கொண்டோம். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்தும் வேண்டும். எத்தனை வருசம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருசம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். இதைக் கவனிக்காமல் எழுதின பத்திரங்கள் எத்தனை இருக்குமோ! உயிரோடு இருக்கிற ஓவியர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, ஒரு பக்கத்தில் உயில் எழுதிவிடுங்கள், படம் யாருக்கு, உரிமை யாருக்கு என்று இரண்டையும் தனித்தனியாக. எழுத்தாளர்களுக்காவது நாட்டுடைமை என்று ஒரு வழி 1949-ல் பாரதியிலிருந்து இருக்கிறது, ஓவியர் வீட்டுக்கு வந்து அப்படிக் கேட்பவர்கள் யார்?

பெங்களூர் அண்ணனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. அப்பா வரைந்தது ஒன்றுகூடத் தன் வீட்டுச் சுவரில் இல்லை என்றால் எப்படி என்று கேட்டார், அது நியாயம்தான். பட்டியல் முடிந்த பிறகு, எந்த வரிசையிலும் சேராத தனிப் படங்களிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். எந்த எண் எந்த வீட்டில் என்று நோட்டில் இருக்கிறது. வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள்.

இப்போது நடக்கிற வேலை, அவர் கல்யாணங்களுக்குக் கொடுத்த படங்களைத் தேடுவது. இதற்கு வழி சொன்னதும் பெரியம்மாதான். அண்ணன், அக்கா கல்யாணத்து மொய் நோட்டுகள் பீரோவில் இருந்தன. அதில் யார் யார் மொய் வைத்தார்களோ அவர்கள் வீட்டு விசேசத்துக்குப் பெரியப்பா திரும்பப் போயிருப்பார், போனால் படம் கொடுத்திருப்பார். அந்த வீடுகளில் போய்க் கேட்டால் அவர்களும் தங்கள் மொய் நோட்டை எடுத்துப் பார்க்கிறார்கள், "வாத்தியார், ரூ. 51, படம் 1" என்று தேதியோடு இருக்கிறது. அவர் போடாத தேதியை ஊரார் போட்டு வைத்திருக்கிறார்கள். படத்தைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறோமோ என்று முதலில் தயங்குகிறார்கள். அதனால் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம், அவர் போய் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தால் பேச்சு தானாக வருகிறது. நாங்கள் போட்டோ மட்டும் எடுக்கிறோம், முடிந்தால் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும். சிலதில் டிவி மேல் மாட்டி நிறம் போய்விட்டது. ஒரு வீட்டில் வெள்ளையடிக்கும்போது எடுத்து வைத்தது காணவே இல்லை.

கிணற்று வரிசையில் 1983-க்கும் 1985-க்கும் நடுவில் ஒரு சித்திரை இல்லை. ஊரில் இருந்தார், வரைந்தார் என்பது பெரியம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த வைகாசியில் வெள்ளகோவில் பக்கம் மூன்று கல்யாணம் என்பதும் நினைவிருக்கிறது. மூன்று வீட்டு முகவரியும் நோட்டில் எழுதியிருக்கிறோம், அடுத்த மாதம் முகூர்த்தச் சீசன் முடிந்ததும் போக வேண்டும்.